நீர்க்கோவை

தாராவியில் இசக்கிசெல்வி குடியிருந்த கல்லியில், அந்தக் குறுகிய சந்தில், எல்லா நோய்க்கும் பெயர் உண்டு. சர்க்கரையைச் சர்க்கரை என்பார்கள். காமாலையைப் பீலியா என்பார்கள். ஒரே ஒரு நோயை மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருவர் மாதக்கணக்கில் இருமி, உடம்பு வற்றி, தோளெலும்பு துருத்த நடமாடினால், "ஒண்ணுமில்ல, நீர்க்கோவைதான்" என்று வீட்டார் சொல்வார்கள். கேட்டவர்களும் "மழைக்காலம்லா, அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் முதல் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

செல்வியின் வீடு இட்லி வீடு. விடிவதற்குள் மூன்று அடுப்பிலும் கொப்பரை ஏறிவிடும். ஆவி மேலே போக வழியில்லாமல் தகரக் கூரையில் முட்டி, சொட்டுச் சொட்டாகத் தலையிலேயே விழும். அவள் ஊற்றி எடுப்பாள். கணவன் நாகராஜும் அவன் அண்ணன் பூதத்தானும் அலுமினியப் போணிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தம்பிக்கு மாட்டுங்கா, அண்ணனுக்குத் திலக் நகர். ஹேண்டில்பாரில் ஒரு ரப்பர் ஹார்ன். அதை அமுக்கினால் நான்கு மாடிக்கும் கேட்கும். பம்பாயில் அந்தச் சத்தம் கேட்டால் இட்லிக்காரன் வந்தாச்சு என்று அர்த்தம்.

இந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து நாகராஜ் இருமிக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் உடம்பு காந்தியது. பக்கத்து வீட்டு சஃப்ரீன் விசாரித்தபோது, செல்வியே அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நீர்க்கோவைதான் சஃப்ரீன். நனையாதியன்னா கேக்காவளா?"

சொல்லிவிட்டு உள்ளே வந்து, தட்டில் ஊற்ற வேண்டிய மாவை அடுப்பிலேயே கொட்டினாள்.

ஒருநாள் காலையில் போணியைத் தூக்கப் போன நாகராஜ் அப்படியே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன செய்யி?" என்று செல்வி ஓடி வந்தாள்.

"மூச்ச இழுத்தா குத்துது. அருவாமணைய உள்ள வச்சு நிமித்துன மாதிரி."

"மூச்ச இழுக்காத பெறவு," என்றான் பூதத்தான்.

"அத்தான், வெளையாடுத நேரமா இது?"

பூதத்தான் விளையாடவில்லை. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாமே அந்த வகைதான். வலித்தால் அசைக்காதே, எரிந்தால் தொடாதே. ஆனி மாதக் கோயில் கொடையில் சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவன் அவன். தீப்பந்தத்தை நெஞ்சில் தடவிக்கொள்வான். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் வாசலோடு நின்றுகொள்வான்.

கல்லி முனை டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "பானி பர் கயா ஹை," என்றார். வலது நெஞ்சில் தண்ணீர் நிறைந்திருக்கிறதாம். சயானில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

பூதத்தானுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"பானின்னா தண்ணிதான? கூடுதலா குடிச்சிருக்கான். குடுக்கத நிப்பாட்டுனா தன்னால வத்திரும். நம்ம போணில வத்தல?"

இரண்டு நாள் தம்பிக்குத் தண்ணீர்ச் செம்பைக் கண்ணிலேயே காட்டவில்லை. இட்லி கொடுத்தால்கூடச் சட்னி இல்லாமல் கொடுத்தான். நாகராஜின் உதடு வெடித்தது. நெஞ்சுத் தண்ணீர் ஒரு சொட்டும் வற்றவில்லை. மூன்றாம் நாள் செல்வி பூதத்தான் கையிலிருந்து செம்பைப் பிடுங்கிக் கணவனுக்கு வயிறாரக் கொடுத்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் பெயர் வந்தனா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண். நாற்பது வயது இருக்கும். வராந்தாவில் நின்ற கூட்டத்தோடு மராட்டியிலும் ஹிந்தியிலும் மாறி மாறிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள், செல்வியின் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தாள்.

"வாங்கோ. இவர் என்ன பண்றார்?"

"இட்லி வியாபாரம் டாக்டரம்மா. மாட்டுங்கா பக்கந்தான்."

"பாம் பாம் ஹார்ன் அடிச்சுண்டு வருவாரே, அவரா? ஞாயித்துக்கிழமைன்னா எங்க அம்மாவே எழுப்பி விடுவா, இட்லி போயிடும்னு." சிரித்துக்கொண்டே நாகராஜின் முதுகில் விரலை வைத்துத் தட்டினாள். இடது பக்கம் டொக் டொக்கென்று பானைபோல ஒலித்தது. வலது பக்கம் மாவு மூட்டையைத் தட்டியதுபோல அமுங்கிப் போனது. "இட்லிக்கு முன்னாடி?"

"கொஞ்ச வருஷம் டிராம்பே பக்கம் ஒரு காண்ட்ராக்டர்கிட்ட இருந்தேன்," என்றான் நாகராஜ். "பழைய பாய்லரு, பைப்பு மேல சுத்துன வெள்ளைக் கயிறு, பஞ்சு எல்லாத்தையும் பிச்சு எடுக்கிற வேலை. சாயங்காலம் பாத்தா கண்ணிமையெல்லாம் வெள்ளையா இருக்கும்."

டாக்டரின் விரல் நின்றது. செல்வி அதைக் கவனித்தாள்.

"அதுக்கென்ன டாக்டரம்மா?"

"உக்காருங்கோ, சொல்றேன். மறைச்சுப் பேச எனக்கு வராது." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நுரையீரலைச் சுத்தி ரெண்டு சவ்வு இருக்கு. அதுல புண்ணாகி நடுவுல நீர் கோத்துண்டிருக்கு. அதுக்குப் பல காரணம் உண்டு. தாராவின்னு அட்ரஸைப் பாத்தா முக்கால்வாசிப் பேர் டி.பி.ன்னு மாத்திரையைக் கொடுத்துடுவா. டி.பி.யாத்தான் இருக்கும்னு நானும் நெனைக்கறேன். ஆனா அந்த வெள்ளைப் பஞ்சு ஆஸ்பெஸ்டாஸா இருந்திருக்கலாம். அந்தத் தூள் உள்ள போனா, எத்தனையோ வருஷம் கழிச்சு அதே சவ்வுல கேன்சர் வரலாம். அதுலயும் இதே மாதிரி நீர் கோக்கும், இதே மாதிரி குத்தும்."

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அழறதுக்கு இன்னும் காரணம் வரல்லே. அந்த நீரையே எடுத்துக் கேட்டுடலாம்."

"நீரு எப்படி சொல்லும்?"

"உங்க வீட்டு மாவைத் தொட்டு நாக்குல வெச்சா, உளுந்து பழசா புதுசான்னு சொல்ல மாட்டேளா? அதே மாதிரிதான். டி.பி.ன்னா அந்த நீர்ல ஏ.டி.ஏ.ன்னு ஒரு சத்து ஜாஸ்தியா இருக்கும். கேன்சர்ல பொதுவா அது கம்மியா இருக்கும், வேற சில சத்து ஏறி நிக்கும். கெட்ட செல் மெதக்கறதான்னு இங்கேயே பாத்துடுவோம், ஆனா அது ஒண்ணு போறாது, சில சமயம் கண்ணுல படாது. எல்லாத்தையும் சேத்து வெச்சுத்தான் நான் முடிவு சொல்லுவேன்."

"டி.பி.ன்னா?"

"ஆறு மாசம் மாத்திரை, சர்க்கார்ல இலவசம். சாப்பிட்டா சரியாப் போயிடும்."

அந்த நிமிஷம் செல்விக்குள் ஒன்று தலைகீழானது. ஒரு மாதமாக எந்த வார்த்தைக்கு அஞ்சி நீர்க்கோவை என்று ஊரை ஏமாற்றினாளோ, அந்த வார்த்தையையே இப்போது மனசு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியது. சுடலையப்பா, எங்களுக்கு டி.பி.யக் குடு. வேற எதுவும் வேண்டாம், டி.பி.யக் குடுத்திரு.

நாகராஜைக் குனிந்து உட்காரவைத்து, மேஷினில் படம் பார்த்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறக்கினார்கள். வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. நல்லெண்ணெயில் தண்ணீர் கலந்ததுபோல இருந்தது. மூச்சு கொஞ்சம் லேசாகும் அளவுக்கு எடுத்துவிட்டு, ஒரு பாட்டிலை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். ஏ.டி.ஏ. பார்க்கிற மேஷின் அங்கே பழுதாகிப் படுத்திருந்தது. இன்னொரு பாட்டிலைச் செம்பூரில் ஒரு லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னாள் டாக்டர். செல்வி கணவனோடு இருந்தாக வேண்டும். பாட்டில், ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த பூதத்தான் கைக்குப் போனது.

"நேரா போகணும் அத்தான். எங்கயும் நிக்கப்பிடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான் பூதத்தான்.

ஒரு நாள் கழிந்தது. மழை வெறித்த காலை. வியாபாரத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்த பூதத்தான், வாசற்படியில் உட்கார்ந்து மிஞ்சிய இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். நாகராஜ் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். செல்வியின் போன் அடித்தது. லேபிலிருந்து ஆதர்ஷ் என்ற ஆள் ஹிந்தியில் பேசினான். அந்தச் சாம்பிளில் டெஸ்ட் செய்ய முடியாதாம். பாட்டிலின் அடியில் சஃபேத் பவுடர் தங்கியிருக்கிறதாம். டாக்டருக்கும் சொல்லியாகிவிட்டதாம்.

"வெள்ளைப் பவுடரா?" செல்வி அறியாமல் வாய்விட்டுத் தமிழில் கேட்டுவிட்டாள். போனை மாவுப் பானை மூடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

நாகராஜ் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். தன் விரல்நகங்களைத் திருப்பிப் பார்த்தான்.

"ஏட்டி, பாய்லர்த் தூளு அது," என்றான். "அம்புட்டு வருஷமா உள்ளயே கெடந்திருக்கு. இப்ப தண்ணியோட வெளிய வந்திருக்கு."

"வாய மூடுங்க. டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல."

"அவுக சொல்லுததுக்கு என்ன இருக்கு? வெள்ளையா வந்துட்டுல்லா." அவன் அழவில்லை. அதுதான் செல்வியை உலுக்கியது. கடையைச் சாத்துகிறவன் பொருளை ஒதுங்க வைப்பதுபோலச் சாவதானமாகப் பேசினான். "மக பானுமதிய பன்னண்டாப்போட நிப்பாட்டிராதிய. என் லைன அண்ணன் சேத்துப் பாக்கட்டும். ஏண்ணே, மாட்டுங்கா சர்க்கிள் பக்கத்து வாட்ச்மேன் மூணு இட்லி வாங்கிட்டு அஞ்சு இட்லிக்குச் சட்னி கேப்பான். குடுத்திரு, நல்ல மனுசன். நாலாவது மாடில பஞ்சாபகேசன் மாமா இருக்காரு. கண்ணு சரியாத் தெரியாது. என் ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் கயித்துல கூடைய எறக்குவாரு. நீ உன் ஹார்ன அடிச்சா எறக்க மாட்டாரு. என் ஹார்ன எடுத்து மாட்டிக்கோ. கெட்டிச் சட்னியா வையி, தண்ணிச் சட்னின்னா கூடைல சிந்தும்..."

"ஏல, சட்னி வரைக்கும் போகாத," என்றான் பூதத்தான்.

அவன் கையிலிருந்த இட்லி விண்டபடியே நின்றது.

"அது பாய்லர்த் தூளு இல்ல. திருநாறு."

"எது?" என்றாள் செல்வி.

"பாட்டில்ல கெடக்கது. நாந்தான் போட்டேன். ஒரு சிட்டிக."

அடுப்பில் கொப்பரை மூடி டப்டப்பென்று அடித்துக்கொண்டது.

"ரெண்டு சிட்டிக இருக்கும்," என்றான் பூதத்தான்.

"நேரா போங்கன்னு சொன்னேன்லா!"

"நேராத்தான் போனேன். வழில மாடன் பீடம் இருந்துச்சு."

"சயான்ல இருந்து செம்பூருக்குப் போற வழில தாராவிப் பீடம் எப்படி வந்துச்சு?"

"பஸ்ஸ விட்டு எறங்குனேன். போயிட்டு வேற பஸ்ஸு ஏறுனேன். தம்பி உசுரு சமாச்சாரம், சாமிட்ட காட்டாம எப்படிக் கொண்டு போக?"

"காட்டுனிய சரி. மூடிய ஏன் தொறந்திய?"

"மூடி மேல பூசுனா சாமி உள்ள எப்படிப் போகும்?"

செல்வி சட்டுவத்தை ஓங்கிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அத்தானுக்கு எதிரே குரல் உயர்த்தாதவள். பூதத்தான் அடியை வாங்கிக்கொள்கிறவனைப்போலத் தலையைக் குனிந்து காட்டினான். தீப்பந்தத்துக்கு அசையாத அந்த மொட்டைத்தலை நடுங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஏதோ சத்தம் கேட்டது. நாகராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தால் விலா குத்தியது. குத்தியதில் "ஐயோ" என்றான். ஐயோ என்றுகொண்டே சிரித்தான்.

"ஏண்ணே, நான் வாட்ச்மேனுக்குச் சட்னி வரைக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"அதான் சொன்னேன்லாடே, சட்னி வரைக்கும் போகாதன்னு," என்ற பூதத்தான், மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

டாக்டர் வந்தனாவின் எதிரில் மூவருமாகப் போய் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குள் பூதத்தான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. குற்றவாளியாக வந்திருந்ததால் பயப்பட நேரமில்லை.

"திருநீறா? நான் சுவத்துக் காரை உதிர்ந்து விழுந்துடுத்தோன்னு நெனச்சேன்," என்றாள் டாக்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுமையாக்கினாள். "இங்க பாருங்கோ. உங்க சாமி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லே. மூடியைத் தெறந்தேளே, அதுக்குத்தான் கோவம். உங்களால அவருக்கு இன்னொரு ஊசி."

"எனக்குப் போடுங்கம்மா," என்றான் பூதத்தான்.

"உங்க நீர்ல என்ன இருக்கப்போறது, வெறும் திருநீறுதான் இருக்கும்." இப்போது அவள் சிரித்தேவிட்டாள். பிறகு நாகராஜின் தோளைத் தொட்டாள். "இன்னொண்ணு சொல்றேன், காதுல போட்டுக்கோங்கோ. ஆஸ்பெஸ்டாஸ் தூள் இப்படி பாட்டில் அடியில மாவு மாதிரி தங்காது. அப்படியெல்லாம் வெளிய வராது. இங்க செல் பாத்ததுலயும் கெட்டது எதுவும் தென்படல்லே. அன்னிக்கு நீங்க குடுத்த சளியிலயும் கிருமி இல்லே. இன்னும் ஏ.டி.ஏ. ஒண்ணு பாக்கி. அது வரட்டும்."

இரண்டாவது ஊசிக்குத் தம்பியின் தோள்களை அண்ணன் பிடித்துக்கொண்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசி ஏறும்போது தம்பியை முந்திக்கொண்டு "ஆ" என்றான். நீர் இறங்கிய பாட்டிலைச் செல்வி யார் கையிலும் தரவில்லை. டாக்டர் மூடியின்மேல் பிளாஸ்திரி சுற்றினாள். செல்வி அதை மடியில் கட்டிக்கொண்டு, செம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூதத்தானும் கூட வந்தான். பீடம் இருக்கிற திசை வந்தபோது, கையைக் கூப்பாமல் கண்ணால் மட்டும் கும்பிட்டான்.

லேபில் ஆதர்ஷ் பாட்டிலை வாங்கி, தூக்கி, கவிழ்த்து, வெளிச்சத்தில் பார்த்தான்.

"இந்தத் தடவை ஒன்றும் கலக்கவில்லையே?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"நை சாப்," என்றான் பூதத்தான், இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி. எதற்கும் இருக்கட்டும் என்று நெற்றித் திருநீற்றையும் துடைத்துவிட்டு வந்திருந்தான்.

ரிப்போர்ட் வந்த அன்று செல்வி தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வந்தனா காகிதத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"ஏ.டி.ஏ. நன்னா ஏறியிருக்கு. நீர்ல இருக்கற செல்லும் டி.பி.ல வர்ற வகைதான். கேன்சர்ல ஏறற சத்து எதுவும் ஏறல்லே. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டறது. டி.பி.தான். நாளைக்கே மாத்திரை ஆரம்பிச்சுடலாம். அந்தப் பழைய தூளுக்காக வருஷா வருஷம் ஒரு படம் எடுத்துப் பாத்துக்கணும், அதை மட்டும் விட்டுடாதேங்கோ."

செல்வி டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டி.பி.தானே? நிச்சயமா டி.பி.தானே டாக்டரம்மா?"

"இப்படிச் சந்தோஷப்பட்டுக் கேக்கற ஆளை நான் பாத்ததே இல்லே," என்றாள் டாக்டர். "நெஞ்சுக்குள்ள பூட்டி வெச்ச நீர் இது. உங்களுக்கோ, இட்லிக்கோ பரவாது. பயப்படாம வியாபாரம் பண்ணுங்கோ. வீட்ல எல்லாரும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்கோ."

வீட்டில் முதலில் குதித்தது பூதத்தான். "பாத்தியா! திருநாறு வேல செஞ்சிட்டு!"

"நீங்க போட்ட பாட்டில குப்பைல எறிஞ்சாச்சு அத்தான். இது ரெண்டாவது பாட்டிலு."

"சாமிக்குப் பாட்டில் நம்பர் தெரியாதா?"

நாகராஜ் எழுந்தான். சுவரோரம் நின்ற சைக்கிளின் ஹார்னை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். தகரக் கூரை அதிர்ந்தது.

கல்லிக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. குடங்கள் வரிசை கட்டி நின்றன. சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். செல்வி வாசலில் நின்றாள். யாரோ கேட்டார்கள்: "என்ன செல்வி, வீட்டுக்காரருக்கு நீர்க்கோவை எப்படி இருக்கு?"

"நீர்க்கோவை இல்லக்கா," என்றாள் செல்வி. கொப்பரை மூடியைத் திறந்ததும் ஆவி எழும்புமே, அப்படி எழும்பியது குரல். "எங்க வீட்டுக்காரருக்கு டி.பி.! சுத்தமான டி.பி.! ஆறு மாசம் மாத்திர தின்னா சரியாயிரும். யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ!"

குழாயடி அப்படியே உறைந்தது. நிரம்பிய குடத்தை எடுக்க மறந்தார்கள். தண்ணீர் வழிந்து சாக்கடையில் ஓடியது. ஒருத்தி தன் குடத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செல்வி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

வரிசையின் நடுவிலிருந்து சஃப்ரீன் வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் வழக்கப்படி பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக ஆரம்பித்தாள்.

"பாபி, வெறும் வயித்துல குடுத்தா குமட்டும், முதல் வாரம் பாத்துக்கோ. அப்புறம், மூத்திரம் ஆரஞ்சு கலர்ல வரும். அத பாத்துட்டு பாய்சாப் டர் ஜாயேகா, பயந்துடுவாரு. ரத்தம் இல்ல, மாத்திரைக் கலர்தான்னு முன்னாடியே சொல்லி வை."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

சஃப்ரீன் குழாயடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, அந்த ஒரு வரியை மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் சொன்னாள்.

"போன வருஷம் எனக்கும் நீர்க்கோவைதான்."

செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சஃப்ரீனும் சிரித்தாள். குழாயடியில் இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், தோள் குலுங்கச் சிரித்தார்கள். குடத்தை இழுத்துக்கொண்டவளும் அதில் ஒருத்தி.

"நாளைக்கு நாலு இட்லி சேத்து எடுத்து வை," என்று சொல்லிவிட்டு, சஃப்ரீன் செல்வியின் வாசல் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, எல்லாரும் பார்க்க நின்று குடித்தாள்.